பச்சை அட்டையும் கெண்டை மீனும்

பென்னலூர்
3.3.1991

அன்பும் அமெரிக்காவும் ஒருங்கே வாய்த்த அண்ணிக்கு,

உங்கள் ஒரே கொழுந்தன் பகலவன் எழுதுவது. அம்மா, அண்ணன், நான், நீங்கள் வைத்துவிட்டுப் போன ரோஜாச் செடி, நால்வரும் சௌக்கியம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சிகாகோவில் பனி கொட்டுகிறதாமே. காலையில் எழுந்ததும் மூக்கு, காது, விரல் எல்லாம் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் விமானம் ஏறியதிலிருந்து தெருவில் உங்கள் பிரதிநிதி நான்தான். எதிர் வீட்டுக் கிளியம்மாள் பெரியம்மா தினமும் வழி மறிக்கிறார்.

"இன்னாடா, பதினோரு மாசம் புருசன் வூட்ல நல்லாத்தானே இருந்துச்சு அந்தப் பொண்ணு. திடீர்னு இன்னாத்துக்குப் போச்சு?"

"பெரீம்மா, அண்ணி அங்க நர்ஸா இருந்தப்போ, நீ இங்கயே நிரந்தரமா இருக்கலாம்னு ஒரு கார்டு குடுத்துக்கீறாங்க. வருசத்துக்கு ஒருதபா கூட அங்க தலை காட்டலைன்னா கார்டு செல்லாது. நம்ம ரேஷன் கார்டு மாதிரி. ரொம்ப நாள் வாங்கலைன்னா பேரை அடிச்சுடறான் இல்ல?"

"அப்போ சக்கரை எவ்ளோடா போடறான்?"

"ஆளுக்கு ஒரு மூட்டை."

தெரு முழுக்க இப்போது உங்களுக்காக, அதாவது உங்கள் மூட்டைக்காகக் காத்திருக்கிறது. வெறுங்கையோடு வந்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு இன்னும் குழப்பம்தான். "அது பச்சை கார்டுன்னாங்களே, நான் பார்த்தப்போ அதுல பச்சையே இல்லியேடா" என்கிறார். நானும் தேடிப் பார்த்திருக்கிறேன், மருந்துக்குக்கூட இல்லை. ஆனால் நீங்கள் சொல்லிவிட்டுப் போனதை அவருக்குப் பாடமாக நடத்திவிட்டேன். மறுநுழைவு பெர்மிட் என்று ஒன்று இருக்கிறது, அது கிடைத்தால் அண்ணி இரண்டு வருஷம் நம்மோடு இருந்தாலும் கார்டு சாகாது, அதை அங்கே இருந்துதான் கேட்க வேண்டும், அதற்காகத்தான் போயிருக்கிறார் என்று. அண்ணனை அங்கே கூப்பிட மனுப் போட்டால் வருஷக்கணக்கில் வரிசையாம் என்றதும் அம்மா முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனதை நான் பார்க்கவில்லை.

கம்பெனிக்குப் போன் போட வேண்டாம் என்று அண்ணன் சொல்லச் சொன்னார். இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் லைன் ஓடும்போது சூப்பர்வைசரைக் கூப்பிட மாட்டார்களாம். புருஷோத்தமன் என்று யார் பெயர் வைத்தார்களோ, புருஷன் உத்தமனாகத்தான் இருக்கிறார். இந்த ஏரோகிராம் தாளில் அவருக்கு இரண்டு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன்.

தங்கள் அன்புக்கும் சாக்லேட்டுக்கும் உரிய,
பகலவன்

*நலம். உடம்பைப் பார்த்துக்கொள். பு.*


சிகாகோ
20.3.1991

அன்புள்ள பகலவனுக்கு,

அண்ணியின் ஆசிகள். மூக்கும் காதும் விரல்களும் இருக்கின்றன, எண்ணிவிட்டேன். அத்தையின் மூட்டுவலி எப்படி? நான் வைத்துவிட்டு வந்த தைலத்தைத் தடவுகிறாரா, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாரா?

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். விமான நிலையத்தில் அதிகாரி ஒன்றிரண்டு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். பழைய ஆஸ்பத்திரியிலேயே வேலை. முன்பு போலவே ஞானம்மா அக்காவோடுதான் தங்கியிருக்கிறேன். அவரும் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ், இருபது வருஷமாக இங்கே இருப்பவர், எனக்கு அம்மா மாதிரி. பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டாகிவிட்டது. "அது கையில் வர்ற வரைக்கும் இந்த நாட்டை விட்டு ஓரடி நகராதே அமலா" என்கிறார் அக்கா. நகரவில்லை.

இங்கே மீன் நிறையக் கிடைக்கிறது. முள்ளே இல்லாமல் சீவிப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். தின்றால் மீன் தின்ற மாதிரியே இல்லை. நம் ஏரிக் கெண்டையில் எனக்கு முள் எடுக்கத் தெரியவில்லை என்று நீ எத்தனை நாள் சிரித்திருக்கிறாய். உன் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் எடுத்தெடுத்து என் தட்டோரம் வைப்பார். அதை நினைத்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

பரீட்சையை ஒழுங்காக எழுது. கிளியம்மாள் பெரியம்மாவைக் கலாட்டா செய்யாதே.

அன்புடன்,
அமலா அண்ணி


பென்னலூர்
8.4.1991

முள்ளில்லா மீன் தின்னும் அண்ணிக்கு,

சேமமாக இருக்கிறோம், நீங்களும் அப்படியே இருக்க வல்லக்கோட்டை முருகனிடம் சொல்லியாகிவிட்டது. நேரிலேயே போய்ச் சொன்னோம். அந்தக் கதையைக் கேளுங்கள்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்தது. கணக்கு வினாத்தாளும் நானும் கடைசிவரை ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவில்லை. அதற்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளலாம் என்று அம்மா என்னை வல்லக்கோட்டைக்கு இழுத்துப் போனார். சந்நிதியில் குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார்.

அம்மா யோசிக்கவே இல்லை. "பெர்மிட்டுக்கு சாமி!"

குருக்கள் எத்தனையோ பெயரைப் பார்த்தவர். அசரவில்லை. "நட்சத்திரம்?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அமெரிக்காக் கொடியில அம்பது கீது சாமி, எதையாவது ஒண்ணு போட்டுக்குங்க."

தலையில் ஒரு குட்டு விழுந்தது. குட்டியது குருக்களா அம்மாவா என்று இன்றுவரை தெரியவில்லை. கடைசியில் உங்கள் பெயருக்கும் அண்ணன் பெயருக்கும் சேர்த்தே செய்தார்கள். விபூதியை இதற்குள் வைத்தால் தபால்காரர் பூசிக்கொள்வார், அதனால் நீங்கள் வந்தால் தருகிறேன்.

அண்ணனுக்கு ஓவர்டைம். ஓ.டி., ஓ.டி. என்று ஓடிக்கொண்டே இருக்கிறார். ஞாயிறு மட்டும் வீட்டில். உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். இப்படியே போனால் செடி அழுகிவிடும், சீக்கிரம் வாருங்கள்.

எட்டு மணிக்கு முன் எழுந்தறியாத,
பகலவன்

*நலம். பெர்மிட் வரும். கவலைப்படாதே. பு.*


சிகாகோ
26.4.1991

அன்புள்ள பகலவனுக்கு,

நலமாக இருக்கிறேன், ஜலதோஷம் தவிர. பெர்மிட்டுக்கு நட்சத்திரம் கேட்ட கதையை ஞானம்மா அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். டீயைக் கொட்டிக்கொண்டார். அத்தைக்கு என் நமஸ்காரம். மூட்டுவலி பற்றி நீ எழுதவே இல்லை.

பெர்மிட் இன்னும் வரவில்லை. எப்போது வரும் என்று ஆபீஸில் போய்க் கேட்கவில்லையா என்று நீ கேட்பாய். கேட்க வேண்டும். போக வேண்டும் என்று நினைக்கிறேன், டியூட்டி இடம் கொடுப்பதில்லை.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், அவரிடம் வாசித்துக் காட்டாதே. உன் அண்ணன் எழுதும் ஒரு வரியைத்தான் முதலில் படிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்பார், கவலைப்படாதே என்பார். வா என்று மட்டும் எழுத மாட்டார். நான் கேட்டுவிட்டால் என் கார்டுக்குக் குறுக்கே நின்ற மாதிரி ஆகிவிடும் என்று பயம். எனக்கு அவர் மனசு தெரியும். இருந்தாலும் ஒருமுறை எழுதியிருக்கலாம்.

அன்புடன்,
அண்ணி


சிகாகோ
23.5.1991

பகலவா,

எல்லோரும் பத்திரமா? இரண்டு நாளாக இங்கே டி.வி.யில் நம் ஊர்ப் பக்கத்துக் குண்டுவெடிப்புதான். ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை வாய்க்கு வந்தபடியெல்லாம் உடைத்து உடைத்துச் சொல்கிறார்கள். அந்த நெடுஞ்சாலையில் அவர் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வருவார் என்பதைத் தவிர என் தலையில் வேறொன்றும் ஓடவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. போன மாதக் கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை.

இதைப் பார்த்த உடனே எழுது. விளையாட்டு வேண்டாம். எல்லோரும் நலம் என்று ஒரு வரி போதும்.

அமலா


பென்னலூர்
7.6.1991

அன்புள்ள அண்ணிக்கு,

நம் வீட்டில் யாரும் அன்றைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. எல்லோரும் இருக்கிறோம். முதலில் இது.

அந்த ராத்திரியைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கே வரவில்லை. சத்தம் இங்குவரை கேட்டது. அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் போலீஸ், கேள்வி. சைக்கிளில் போனால் கேரியரைக்கூடத் தட்டிப் பார்த்தார்கள். இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பதில் எழுதாததற்கு மன்னித்துவிடுங்கள். எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

இனி நல்ல செய்தி. நான் பாஸ்! கணக்கில் முருகன் கரையேற்றினார். தமிழில் நான் முருகனைக் கரையேற்றியிருப்பேன். அம்மாவின் மூட்டு பரவாயில்லை, தைலம் பீரோவில்தான் இருக்கிறது, நீங்கள் சொன்னது சரி.

அண்ணனைப் பார்த்தால் சிரிப்பீர்கள். உங்களுக்குத் தெரியாமல் அமெரிக்காவுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்! நேற்று அம்மா கெண்டைக் குழம்பு வைத்தார். சோற்றில் கையே வைக்கவில்லை, துரை மாதிரி ஸ்பூனால்தான் சாப்பிட்டார். "இன்னாண்ணா, இப்பவே சிகாகோவா?" என்றேன். முறைத்தார். இன்னும் கொஞ்ச நாளில் தோசையைக் கத்தியால் அறுப்பார் என்று நினைக்கிறேன்.

ஓ.டி. அதிகம் என்பதால் வரி எழுத அவருக்கு நேரமில்லை. அவர் சொல்லச் சொல்ல நானே எழுதுகிறேன்: நலம். உடம்பைப் பார்த்துக்கொள். பு.

பெர்மிட் வந்ததா?

உங்கள்,
பாஸான பகலவன்


சிகாகோ
22.6.1991

பகலவா,

பாஸானதற்குச் சந்தோஷம். அத்தைக்கு நமஸ்காரம்.

ஏரிக் கெண்டையை முள் எடுத்து ஸ்பூனால் சாப்பிடுகிற மனிதன் அமெரிக்காவிலேயே கிடையாது.

எந்தக் கை? எத்தனை விரல்?

அண்ணி


பென்னலூர்
6.7.1991

அண்ணி,

வணக்கம். நீங்கள் சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஸ்பூன் கதையை எழுதி, தமாஷாக மூடிவிட்டோம் என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். மூட எழுதிய அதே கதைதான் எல்லாவற்றையும் திறந்துவிட்டது.

வலது கை. இரண்டு விரல். ஆள்காட்டியில் முக்கால்வாசி போய்விட்டது, நடுவிரலில் பாதி. மற்ற மூன்றும் முழுசாக இருக்கின்றன. மே மாதம் இரண்டாம் வாரம் நடந்தது. அந்தப் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் டை என்கிற இரும்பு அச்சு இறங்கும், கை உள்ளே இருக்கக் கூடாதென்று அப்படி வைத்திருக்கிறார்கள். டார்கெட் முடிக்கிற அவசரத்தில் ஒரு பட்டன் அமுங்கியே இருக்க யாரோ மரச் சக்கையைச் செருகி வைத்திருந்தார்கள். ஒற்றைக் கையால் ஓட்டினால் வேகமாக ஓடுமாம். சிக்கிக்கொண்ட தகட்டை எடுக்க அண்ணன் கை விட்டார். சக்கை இருப்பது அவருக்குத் தெரியாது. இன்னொரு பட்டனில் இருந்தவன் பார்க்காமல் அமுக்கிவிட்டான்.

தையல் பிரித்தாகிவிட்டது. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. இதை நான் சத்தியமாக எழுதுகிறேன். கம்பெனியில் இப்போது ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். போன கடிதத்தில் எழுதிய ஓ.டி. நான் விட்ட கதை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அண்ணன் சொன்னது இது, ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதுகிறேன்:

"அவகிட்ட சொல்லாதடா. சொன்னா போட்டது போட்டபடி கெளம்பி வந்துடுவா. பெர்மிட் கெட்டுடும், கார்டும் பூடும். அதுக்கப்புறம், உனக்காகத்தான் வுட்டேன்னு ஒரு நாளும் வாயத் தொறந்து சொல்ல மாட்டா. சண்ட போட்டு சொல்றவளா இருந்தா எனக்கு பயமே இல்ல."

அம்மாவும் சத்தியம் வாங்கிக்கொண்டார். உங்கள் கடிதம் வந்ததை இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. கிளம்பிவிடாதீர்கள் என்று எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. கிளம்பி வாருங்கள் என்றும் எழுத முடியவில்லை. நீங்கள் நர்ஸ், உங்களுக்கே தெரியும்.

பகலவன்


சிகாகோ
29.7.1991

என் அருமைப் பகலவனுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். பதினேழு வயசில் இவ்வளவு பெரிய மூட்டையைத் தனியாகச் சுமந்திருக்கிறாய். சர்க்கரை மூட்டையாக இருந்தாலாவது தெருவுக்குப் பங்கு போட்டிருக்கலாம்.

அழுது முடித்துவிட்டேன், அதை அவரிடம் சொல்லாதே. ஒளித்தது நீங்கள் மட்டும் இல்லை. நானும்தான்.

பிப்ரவரியில் விமான நிலையத்தில் அதிகாரி, "உன் வீடு எங்கே?" என்று கேட்டார். கல்யாணமான நம் ஊர்ப் பெண்ணிடம் யார் கேட்டாலும் என்ன சொல்வாள்? யோசிக்காமல், "என் வீட்டுக்காரர் பென்னலூரில் இருக்கிறார், வீடு அங்கேதான்" என்றேன். அவர் என் கார்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "அப்படியானால் இது உனக்கு எதற்கு?" என்றார். தனி அறையில் உட்கார வைத்தார்கள். பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்றே நினைத்தேன். கடைசியில், அடுத்த முறை இப்படிச் சொன்னால் விட மாட்டோம் என்று எச்சரித்து விட்டார்கள். ஒன்பது வருஷம் இந்த ஊரில் நர்ஸ் வேலை பார்த்துச் சம்பாதித்த கார்டு, ஒரு பதிலில் போகவிருந்தது.

அதிலிருந்து எந்த ஆபீஸ் கவுண்டரைப் பார்த்தாலும் வந்த வழியே திரும்பிவிடுவேன். ஊருக்குப் போகணும் என்று வாய் திறந்தால் மறுபடி மாட்டிக்கொள்வேனோ என்று பெர்மிட் ஆபீஸ் பக்கமே போகவில்லை. டியூட்டி என்று உனக்கு எழுதியது பொய்.

உன் கடிதம் வந்த மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அந்தப் பெண்மணியிடம் நேராகவே சொன்னேன்: "என் கணவருக்குக் கையில் அடி. நான் போக வேண்டும். கார்டும் எனக்கு வேண்டும்." அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதற்கென்ன, நீ இங்கே இருக்கும்போதே மனுப் போட்டுவிட்டாய். எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. பெர்மிட்டை மெட்ராஸ் அமெரிக்க கான்சலேட்டுக்கு அனுப்பினால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்" என்றாள். அவ்வளவுதான் பகலவா. மார்ச்சிலேயே கேட்டிருந்தால் மார்ச்சிலேயே சொல்லியிருப்பாள். ஞானம்மா அக்கா தலையில் அடித்துக்கொண்டார், அவர் தலையில்தான்.

பெர்மிட் நிச்சயம் என்று இல்லை. மறுத்தாலும் மறுக்கலாம். அப்படியானால் வருஷம் முடிவதற்குள் மறுபடி இங்கே வருவேன், வந்து மறுபடி கேட்பேன். எனக்குக் கார்டும் வேண்டும், அவரும் வேண்டும். எது போனாலும் வாய் திறந்து சண்டை போட்டுத்தான் விடுவேன் என்று உன் அண்ணனிடம் சொல். பயப்பட வேண்டாம்.

இப்போது நர்ஸ் பேசுகிறேன். காயம் நன்றாக ஆறியிருந்தால், தினமும் அந்தக் கையால் சப்பாத்தி மாவு பிசையச் சொல். வலித்தால் நிறுத்திவிட்டு மறுநாள் பிசையட்டும். மீதி விரல்கள் விறைத்துவிடக் கூடாது. ஸ்பூனை ஒளித்து வை.

கடைசியாக ஒரு ரகசியம். ஒளிப்பதில்தான் நீ கெட்டிக்காரனாயிற்றே. செப்டம்பர் ஐந்தாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அவரிடம் சொல்லாதே. கான்சலேட் விஷயத்தை மட்டும் சொல். நான் வரட்டுமா என்று கேட்கப் போவதில்லை. அவரே எழுதட்டும், ஒரே ஒரு வார்த்தை. எந்தக் கையால் எழுதினாலும் சரி. விமானம் ஏறுகிறபோது அது என் கைப்பையில் இருக்க வேண்டும்.

அன்பும் ஆசியும்,
அண்ணி


பென்னலூர்
13.8.1991

சண்டைக்காரியாகப் பதவி உயர்வு பெற்ற அண்ணிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, சப்பாத்திக்கும் குறைவில்லை. தைரியமும் நீங்களும் சௌக்கியமா?

கடிதம் நேற்றுக் காலை வந்தது. படிக்க வேண்டியதை மட்டும் வாசித்துக் காட்டினேன். "சண்டை போட்டுத்தான் விடுவேன்" என்ற இடத்தில் அண்ணன், "இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். எழுந்து போய் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். மழை பெய்துகொண்டிருந்தது அண்ணி.

உடனே மாவு பிசைய உட்கார்ந்தார். முதல் நாள் சப்பாத்தி இலங்கை மாதிரி வந்தது, இன்று காலை ஆஸ்திரேலியா. என்றைக்காவது ஒரு நாள் உலகம் உருண்டை ஆகும். கிளியம்மாள் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "புருசோத்தமா, பொண்டாட்டி அமெரிக்கா போனா இந்த கதியா?" என்றார். "டாக்டரம்மா ஆர்டர் பெரீம்மா" என்றார் அண்ணன். மே மாதத்துக்கப்புறம் அவர் சொன்ன முதல் ஜோக். சுமார்தான், போகப் போகத் தேறுவார்.

ஸ்பூனை அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன். அது தெரியாமல் நேற்று ராத்திரி அம்மா கெண்டைக் குழம்பு வைத்துவிட்டார். "ஸ்பூன் எங்கடா?" என்றார் அண்ணன். "கான்சலேட்டுக்கு அனுப்பிட்டேன், அங்க போய் வாங்கிக்கோ" என்றேன். அடிக்கக் கை ஓங்கினார். வலது கையைத்தான் ஓங்கினார். மாவு பிசைந்த நேரம் தவிர, அதை மூன்று மாதமாக அவர் மேல்துண்டுக்குள்தான் வைத்திருந்தார். ஓங்கிய கையை அவரே ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் தட்டில் வைத்தார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து, என் மீனைத் தின்கிற மாதிரி அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதியை அவரே எழுதட்டும். இந்த முறை நாலு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன். வெளியே போடா என்கிறார், போகிறேன்.

ரகசியம் காக்கும்,
பகலவன்

*அமலா,*

*எழுத்து கோணல். வலது கையால்தான் எழுதுகிறேன். நேற்று கெண்டை. முழு மீனுக்கும் முள் எடுத்துப் பார்த்தேன். நேரம் ஆகிறது, ஆனால் வருகிறது. உன் பங்குக்கும் எடுக்க மூன்று விரல் போதும்.*

*வா.*

*பு.*